நெற்றியில் ஒரு துணி

சர்க்கரை பார்க்கக் குத்திக் குத்திச் சிங்கராயரின் விரல்நுனிகள் கறுத்துவிட்டன. டயாலிசிஸ் ஊசியால் இடது கை புடைத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரி தொடாமல் மனைவி திரேசம்மாளுக்கு விட்டுவைத்தது நெற்றி மட்டும்தான். அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, நனைத்து, அங்கே போட்டுக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சுல இருந்த கிருமியெல்லாம் போயிடுச்சும்மா. காய்ச்சல் ஏன் நிக்கலன்னு டாக்டருக்கே பிடிபடல" என்றாள் நர்ஸ்.

திரேசம்மாள் தெர்மாமீட்டரை நம்புவதில்லை. துணி காய்கிற வேகம்தான் அவளுக்குக் கணக்கு. காய்ந்ததும் அவர் கண்ணைத் திறக்காமலே, "காஞ்சிடுச்சு தெரேசு" என்பார். அவள் மறுபடி நனைப்பாள்.

இன்று மதியம் அவள் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டு வந்தபோதும் துணியின் ஓரத்தில் நீர் சொட்டாக நின்றது. அவர் கூப்பிடவும் இல்லை.

"காய்ச்சல் விட்டிருக்கும்க்கா. தொட்டுப் பாருங்க" என்றாள் அடுத்த கட்டிலுக்குத் துணையிருந்தவள்.

திரேசம்மாள் தொடவில்லை. விரல் நெற்றியில் பட்டுவிடாமல் துணியின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கினாள். கிண்ணத்தில் நனைத்துப் பிழிந்து, அதே இடத்தில் மெல்ல விரித்தாள். பிறகு, அது காய்வதற்காகக் காத்திருந்தாள்.