அழ வராத ஏழு பேர்

ஆறு வாரமாகியும் ஒருத்திக்கும் அழ வரவில்லை.

ஏழு பெண்கள். சிரியாவிலிருந்து தப்பி வந்து, எட்டு வருஷமாக ஜோர்டான் முகாமில் இருப்பவர்கள். நாடகமே பார்த்ததில்லை. நடிப்புச் சொல்லிக்கொடுக்க அம்மானிலிருந்து பஸ் பிடித்து வருகிறவன் ராஃபத்.

"வேதனையை வெளியே கொண்டு வாங்க!" என்று நெஞ்சில் குத்திக்கொண்டான்.

"மெதுவா உஸ்தாத், பட்டன் தெறிச்சிடும்," என்றாள் உம் குதைபா. குதைபாவின் அம்மா என்பதுதான் அந்தப் பெயர். இருப்பதில் மூத்தவள், வாயாடி.

தகரக் கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"என்ன சிரிப்பு? வீடு போச்சு, ஊர் போச்சு. அழுகை வர வேண்டாமா?"

"அதெல்லாம் அழுது முடிச்சாச்சு. நீங்கதான் லேட்டா வந்தீங்க."

ராஃபத்துக்கு அவசரம். வியாழக்கிழமை வெளிநாட்டு நன்கொடைக்காரர்களோடு, வகுப்பை நடத்தும் அமைப்பின் தலைவி வருகிறாள். கண்ணீர் வந்தால் வகுப்பு தொடரும். வராவிட்டால் அவன் வேலை போகும். வேலை போனால், நிச்சயம் பண்ணி மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கும் கல்யாணமும் போகும்.

வியாழன் வந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் வேஷம், ஏழு பேரில் ஒருத்தியான ஹனாதிக்கு. வாயைத் திறந்தாள். ராஃபத்தைப் பார்த்தாள். களுக்கென்று சிரித்துவிட்டு, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

நன்கொடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

உம் குதைபா எழுந்தாள். மேடை நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"என் கண்ணே! உன் கல்யாணத்துக்குக் குலவை போட இருந்தேனே! மாப்பிள்ளைக் கோலம் பார்க்காமலே போயிடுவேனா?"

அப்படி ஓர் அழுகை. மொழி தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் மூக்கைச் சிந்தினார். தலைவி கண்ணைத் துடைத்தபடி ராஃபத்தின் கையைக் குலுக்கினாள்.

"புதைஞ்சு கிடந்த துக்கத்தைத் தோண்டி எடுத்துட்டீங்க! இதுதான் பயிற்சி. இன்னும் ரெண்டு வருஷம் நடத்துங்க."

எல்லோரும் போனதும் ராஃபத் உம் குதைபா பக்கத்தில் வந்தான்.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்க மகன் குதைபா இறந்துட்டார்னு தெரியாம, இத்தனை நாளா அழு அழுன்னு..."

"அடச்சீ, வாயைக் கழுவு! அவன் ஜெர்மனியில பஸ் ஓட்டறான். நேத்துகூட போன்ல, 'மூணாவதும் பொண்ணும்மா'ன்னான்."

"அப்போ யாரை நினைச்சு இப்படி அழுதீங்க?"

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தகரச் சுவரு, மகனே. நீ வெளியே நின்னு போன்ல உன் பொண்ணோட அப்பாகிட்ட, 'இன்னும் ஒரு மாசம் பொறுங்க'ன்னு கெஞ்சினது எங்க ஏழு பேருக்கும் கேட்டுச்சு. உன்னை நினைச்சேன். பொத்துக்கிட்டு வந்திடுச்சு," என்றாள் உம் குதைபா.