அட்டையில் ஒரு சொட்டு

“வந்துட்டான் பாரு துரோகி” என்றார் பர்ஸ்லோ, மீசையில் ஒட்டிய பீர் நுரையைத் துடைத்துக்கொண்டே.

பச்சை நிற லார்க்ஹில் ஒன்று மேடேறி வந்து ஹில்டாவின் பப் முற்றத்தில் நின்றது. இறங்கியவர் நெவில். சில வருடங்களுக்கு முன்னால் தன் லார்க்ஹில்லை விற்றுவிட்டு ஜப்பான் கார் வாங்கிய புண்ணியவான்.

லார்க்ஹில் என்றால் சும்மாவா? இரண்டே பேர் உட்காரக்கூடிய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனியை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. மழை வந்தால் உள்ளே ஒழுகும், மேட்டைக் கண்டால் படுத்துக்கொள்ளும். ஆனாலும் வைத்திருப்பவர்கள் அதைத் தாங்குகிற மாதிரி கட்டின பெண்டாட்டியைக்கூடத் தாங்கியதில்லை.

மாதம் ஒரு ஞாயிறு இவர்கள் சங்கம் இங்கே கூடும். தலைவர் பர்ஸ்லோ. சங்கத்துக்கு ஒரே சட்டம்தான்: வண்டி பிறந்தபோது இருந்த எஞ்சின்தான் இன்றைக்கும் இருக்க வேண்டும். மாற்றினவனுக்கு இடமில்லை.

அதற்குப் பரீட்சையும் உண்டு. எண்ணெய் சொட்டாத லார்க்ஹில் எஞ்சின் உலகத்திலேயே கிடையாது. முற்றம் நாசமாகிறதென்று ஹில்டா திட்டித் தீர்த்துவிட்டு, ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் ஓர் அட்டையைப் போட்டாள். இவர்கள் வெட்கப்பட்டார்களா? அதையே பெருமையாக்கிக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் போய் அட்டைகளைப் பார்ப்பார்கள். பெரிய கறைக்கு ஓசி பீர். கறையே இல்லையென்றால் எஞ்சின் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

நெவில் கேட்டது அதிகமில்லை. மறுபடி சங்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் பெயர் எழுதிய பீர் மக் பழையபடி சுவர் ஆணியில் தொங்க வேண்டும். அதைக் கழற்றி, சமையலறையில் கரண்டி போட்டு வைக்கச் சொல்லி ஹில்டாவிடம் கொடுத்தவரே பர்ஸ்லோதான்.

“என்ன நெவில், ஜப்பான்காரி கைவிட்டுட்டாளா?”

எல்லோரும் சிரித்தார்கள். நெவிலும் சிரித்தார்.

“இல்ல தலைவரே. ஒரு நாள்கூட மக்கர் பண்ணல. என் வீட்டுக்காரி ஜோனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவர அப்படி ஒரு வண்டிதான் வேண்டியிருந்துச்சு. இப்ப அவளும் இல்ல. ஞாயித்துக்கிழமைய ஓட்டறதுதான் பெரும்பாடா இருக்கு.”

சிரித்தவர்கள் தங்கள் மக்குகளுக்குள் குனிந்துகொண்டார்கள். பர்ஸ்லோவும் அத்தோடு விட்டிருக்கலாம். நாக்கு கேட்டால்தானே.

“அனுதாபத்துக்கெல்லாம் மக் கிடையாதுப்பா. அட்டை சொல்லட்டும்.”

வறுத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வந்தன. யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எல்லோரும் முடிக்கப்போகிற நேரம் பார்த்து, பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று பர்ஸ்லோ எழுந்தார். பின்கதவு வழியாக முற்றத்துக்கு வந்தார்.

இங்கேதான் விஷயம். தலைவரின் சிவப்பு லார்க்ஹில்லுக்குள் ஓடிக்கொண்டிருப்பதே ஜப்பான் எஞ்சின்தான். தங்கை கல்யாணத்துக்குப் போகும் வழியில் அவர் மனைவி ஐரிஸ் புதுத் தொப்பியும் கவுனுமாக, கொட்டுகிற மழையில், அந்தக் காரை மேட்டில் தள்ளினாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே வார்த்தை சொன்னாள்: இந்த எஞ்சின் இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும். பர்ஸ்லோ நன்றாக யோசித்துத்தான் மனைவியை வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கோட்டுப் பைக்குள் ஒரு சின்ன எண்ணெய் டப்பா. யாருக்கும் தெரியாது.

முழங்கால் கடகடக்கக் குனிந்து அட்டையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் சரளைக்கல் நெரிபட்டது. திரும்பினார். நெவில் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலைவர் பதவி போச்சு, மானம் போச்சு, பர்ஸ்லோவின் மக்கும் கரண்டி போடப் போய்விடும். அவர் நெவில் இடத்தில் இருந்திருந்தால் இந்நேரம் கத்தி ஊரையே கூட்டியிருப்பார். அது அவருக்கே தெரியும்.

நெவில் குனிந்து அட்டையைப் பார்த்தார். பிறகு உச்சுக்கொட்டினார்.

“இது சரிப்படாது தலைவரே. புது எண்ணெயை ஊத்தியிருக்கீங்க. தேன் மாதிரி பளபளங்குது. ஓடுன எஞ்சின்லேருந்து சொட்டினா கன்னங்கரேல்னு இருக்க வேணாமா? இத்தனை நாளா எவனும் உத்துப் பாக்காதது நீங்க செஞ்ச புண்ணியம்.”

நெவில் போய்த் தன் வண்டி டிக்கியைத் திறந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து வந்தார். பாதி அளவுக்குக் கறுத்துப்போன பழைய எண்ணெய்.

“அது மேலேயே இதை ஊத்துங்க. சீக்கிரம், எல்லாரும் எழுந்துட்டாங்க.”

உள்ளே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. பர்ஸ்லோ ஊற்றினார். பாதி ஊற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது.

“யோவ் நெவில், பழைய எண்ணெயை பாட்டில்ல போட்டு எதுக்குய்யா டிக்கியில வெச்சிருக்க?”

“நீங்க தாராளமா ஊத்துங்க தலைவரே” என்றார் நெவில். “நான் வந்த உடனேயே என் அட்டைக்கு ஊத்திட்டேன்.”