யோகமலரின் வயிறு

"உங்கட மகள் கர்ப்பமில்லை அம்மா," என்றார் டொக்டர்.

பதினெட்டு வயது யோகமலரைக் கதிரவெளியிலிருந்து கூட்டி வந்திருந்த வள்ளிப்பிள்ளை, "அது எனக்குத் தெரியும் ஐயா," என்றாள். "இந்த வயிறு என்னத்தால?"

"சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பியில ஒரு கட்டி. அதால கோர்ட்டிசோல் அளவுக்கு மிஞ்சிச் சுரக்குது. முகம் ஊதினதும் வயிறு வைச்சதும் அதாலதான். அபூர்வமான வருத்தம். ஆனா கட்டியை எடுத்தாச் சுகம்."

"வயிறு?"

"வத்திரும்."

"முழுசாவா?"

"முழுசா."

சுகமாகும் என்று கேட்டு இப்படி முகம் வாடியவரை டொக்டர் அதுவரை கண்டதில்லை.

"அப்ப இப்போதைக்கு எடுக்க வேணாம் ஐயா."

"விட்டா உயிருக்கே ஆபத்து!" டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "கலியாணமாகாத பிள்ளை வேற. ஊர்ச்சனம் என்ன கதைக்கும்?"

"புள்ளத்தாச்சியெண்டு ஊருக்குச் சொன்னதே நான்தான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"போன கிழமை, சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் கேட்டு இயக்கப் பொடியனுகள் வந்தானுகள். இவள்ர வயித்தப் பாத்துப்போட்டு, 'உடம்பக் கவனமாப் பாத்துக்கங்க தங்கச்சி' எண்டானுகள். மறுகா, அடுத்த வீட்டுப் புள்ளயக் கூட்டிட்டுப் போயிட்டானுகள்."