தூள் அடங்கும் வரை

மறுபடியும் வெடிக்கவில்லை.

அவள் வால்வை மூடினாள். இரும்புக் கலத்தின் சின்னக் கண்ணாடி ஜன்னலில் மஞ்சள் படிந்திருந்தது. துடைத்தாள். காலையிலிருந்து இதையேதான் துடைத்துக்கொண்டிருக்கிறாள். துணி, விரல், நகக்கண் எல்லாம் மஞ்சள்.

கலம் பெரிதல்ல. தண்ணீர்க் கேன் அளவுதான். உள்ளே கொஞ்சம் மஞ்சள்தூளைக் காற்றால் ஊதுவாள். தூள் சுழன்று எழும். அந்தச் சுழலுக்குள் ஒரு தீப்பொறி வைப்பாள்.

ஊதிய உடனே வைத்தால் வெடிக்கிறது.

கொஞ்சம் காத்திருந்து, தூள் அடங்கிய பிறகு வைத்தால் ஒன்றுமே இல்லை. சாம்பாரில் போடுகிற அதே சாதுவான மஞ்சள்தூள்.

அறிக்கைக்கு இது போதும். ஆனாலும் விடாமல் செய்துகொண்டிருந்தாள். சுழல் சொன்ன பேச்சுக் கேட்காது. அதே அளவு தூள், அதே அழுத்தம் என்றாலும் ஒருமுறை எழுந்தது போல மறுமுறை எழாது. அதைப் படிக்கத்தான் பாதி வயதைக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்காவது அந்தக் கோணல் புத்தி உதவக்கூடாதா? காத்திருந்த பிறகும் ஒரே ஒரு தடவை வெடித்துவிடாதா?

ஆராய்ச்சி செய்கிறவள் இப்படி வேண்டிக்கொள்ளக் கூடாது. தெரியும்.

வெளியே பெஞ்சில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் அரவை மில்லில் மேஸ்திரி. போன ஆயுதபூஜை அன்று அந்த மில்லில் பாதி வெடித்துப் போனது. வெடித்த பிறகுதான் இந்த ஆய்வகத்துக்கு எல்லாருக்கும் வழி தெரிகிறது. மிச்சமிருந்த பாதியின் உத்தரத்திலிருந்து சுரண்டிய தூசியை ஒரு பையில் போட்டு, முதலாளி அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

பையைக் கொடுக்கும்போது, அவள் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

உத்தரத்துத் தூசியை வருஷம் முழுக்க யாரும் தொடுவதில்லை. பூஜை அன்றுதான் காற்றுக் குழாயைப் பிடித்து ஊதித் தள்ளுவார்கள். அன்றும் ஊதினார்கள். இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூசணிக்காய் தயாராக இருந்தது. உள்ளே எதிரில் நிற்பவன் முகம் தெரியாத அளவுக்குத் தூள் நின்றது. அடங்கட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள் ஆட்கள்.

ராகுகாலம் வந்துவிடும், முதலில் கற்பூரத்தை ஏற்று என்று சொன்னவர் இவர்தான்.

ஏற்றியவன் பூபதி. இவருடைய மகளின் கணவன்.

அவள் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க."

செருப்போடு வரலாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். இப்போதும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார். இடது கையில் தோல் சுருங்கி, வழவழவென்று இருந்தது. கலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கம்மா, அன்னிக்கு ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்து ஏத்தியிருந்தா வெடிச்சிருக்காதுங்களா?"

அவளுக்கு அலுப்பாக இருந்தது. தூசியும் தீயும் சாவும் அலுத்துவிட்டன. எல்லாம் முடிந்த பிறகு கண்டுபிடித்துச் சொல்வது அதைவிட அலுத்துவிட்டது. இந்த மனிதர் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தினமும் சாப்பிட வேண்டும்.

"அத்தனை தூசி இருந்திருக்குங்க. காத்திருந்தாலும் வெடிச்சிருக்கும்."

சோதனை முடிவை அவள் மாற்றிச் சொன்னதே இல்லை. இவ்வளவு சுலபமா என்றிருந்தது.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு நின்றது. துண்டை எடுத்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. இந்த ஆய்வகத்தில் இன்றுதான் யாருக்கோ உபயோகமாக ஒன்று செய்திருக்கிறோம் என்று அவள் நினைத்தாள்.

கும்பிட்டுவிட்டு வாசலுக்குப் போனார். ஒரு செருப்பை மாட்டினார்.

"அடுத்த வாரம் பூசை வருதுங்க. ராகுகாலம் வந்தா வந்துட்டுப் போகுது, தூசி அடங்குற வரைக்கும் ஒருத்தனையும் உள்ள விடக்கூடாதுன்னு இருந்தனுங்க. அப்ப அதுக்கு வேலை இல்லைங்களா?"



"ஊதவே கூடாதுங்க," என்றாள் அவசரமாக. "ஈரத்துணியால துடைக்கணும். கற்பூரம் வெளியிலதான்."

"சரிங்கம்மா. அப்படியும் எவனாச்சும் ஊதிப்போட்டான்னா?"

அவள் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தாள். துடைத்தது போக ஓரத்தில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"காத்திருக்கணும்."

"அடங்கிட்டா ஒண்ணும் ஆகாதுங்களா?"

வேறு பதில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"ஆகாதுங்க."

அவர் தலையாட்டினார். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். இன்னொரு செருப்பைக் காலால் துழாவினார். அது கண்ணெதிரே கிடந்தது. கால் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது.

அவள் குனிந்து அதை எடுத்து, அவர் காலருகே வைத்தாள்.