சொட்டாத கார்

ஜெயசீலனின் காருக்கு அடியில் காலையில் மீண்டும் எண்ணெய் சொட்டியிருந்தது. வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சிவபாலனின் காரும் அதே பழைய ரகம்தான். ஆனால் அதன் கீழே சிமெந்துத் தரை கழுவிவிட்டது போலிருந்தது. பொறாமையில் ஜெயசீலனுக்குத் தேநீரே கசந்தது.

"எண்ணெய் ஒழுகாம இருக்கத்தானே வால்வ் கவர் கேஸ்கட்டை மாத்தினோம், ஒரு வாரம்கூட ஆகலையே!" என்று கராஜ்காரர் பாயிஸிடம் சீறினார்.

"நீங்க வீட்டுல வச்சு போல்டை இன்னும் இறுக்கியிருக்கீங்க சேர். அப்படி இறுக்கினா கேஸ்கட் நசுங்கி ஒழுகத்தான் செய்யும்."

"அப்போ சிவபாலன் கார் மட்டும் ஏன் ஒழுகலை?"

"அந்தக் கார் நம்ம கராஜ் பக்கமே வந்ததில்லையே!"

அப்படியென்றால் சிவபாலனுக்கு வேறொரு கெட்டிக்கார மெக்கானிக் இருக்கிறார். கண்டிக்கு பஸ்ஸில் போய்வந்து, ஞாயிறுதோறும் காரைத் துடைத்து மினுக்கி, மனுஷன் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்!

மாலையில் ஜெயசீலன் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டார். "பாலண்ணே, உங்க மெக்கானிக் யாருன்னு மட்டும் சொல்லுங்க. கேஸ்கட்டை அவர்கிட்டயே மாத்திக்கிறேன்."

சிவபாலன் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு பொனட்டைத் தூக்கினார். உள்ளே எஞ்சினே இல்லை.

"கஷ்டத்துல போன வருஷமே வித்துட்டேன் தம்பி. மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம், வாசல்ல கார் நிக்கட்டும்னு விட்டு வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பொனட்டைச் சத்தமில்லாமல் மூடினார்.

"காலையில நீங்க ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்."