மாலை போட்ட படம்

பத்துமலை தன் கைப்பேசியை என் மேசைமீது வைத்தார். திரையில் அவருடைய படம். படத்துக்கு மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு, அதற்குக் கீழே 'ஆழ்ந்த இரங்கல்'.

படத்தில் இருந்தவர் என் எதிரே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார். ஈப்போவில் என் கடை ஏர்கோன் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

அவர் எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலின் தலைவர். கோயிலுக்கு இணையதளம் செய்து கொடுத்தவள் நான். ரப்பர் தோட்டம் மூடி வீடுகள் எழும்பிய பிறகு சனங்கள் பீடோர், பாரிட் புந்தார் என்று சிதறிவிட்டார்கள். யார் செத்தாலும் அந்தத் தளத்தின் இரங்கல் பக்கத்தைப் பார்த்துத்தான் வந்து சேர்வார்கள்.

ஒரு பக்கம் என்பது சின்னச் சின்னத் துண்டுகள்தான் என்று அவருக்கு விளக்கினேன். தலைப்பு ஒரு துண்டு, படம் ஒரு துண்டு, மாலையும் விளக்கும் இன்னொரு துண்டு. யாராவது திறக்கும்போது செர்வரில் இருக்கும் ஸ்கிரிப்ட், அதாவது நான் எழுதிவைத்த கட்டளை வரிகள், அவற்றைக் கோத்துக் கொடுக்கும். சில நேரம் ஒரு துண்டு இடம் மாறி உட்கார்ந்துவிடும் என்றேன்.

புரிந்ததுபோல் தலையாட்டினார். அவர் அனுமதியில்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு வரி ஏறாது. காலையில் எழுந்ததும் தன் பெயரில் உள்ளே நுழைந்து அதைத்தான் முதலில் பார்ப்பார்.

என் அப்பா ராமையா இறந்தபோதும் பார்த்தார். பார்த்துவிட்டு, அப்பாவின் அறிவிப்பைப் போடக்கூடாது என்றார். கோயில் கூட்டத்தில் தன்னை எதிர்த்துக் கேள்வி கேட்டவருக்கு அங்கே இடமில்லையாம்.

எண் தெரிந்தவர்களுக்கு நானே போன் செய்தேன். மற்றவர்கள் கருமாதி முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டார்கள். தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் போய்த் தோள் கொடுத்தவர் அப்பா. அவரைத் தூக்க ஆள் போதவில்லை. பெட்டி கொண்டுவந்த வண்டிக்காரர்கள்தான் தூக்கினார்கள்.

அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

ஸ்கிரிப்டைத் திறந்து மேலும் கீழும் ஓட்டினேன். அவர் திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

திங்கட்கிழமையிலிருந்து இப்படி இருக்கிறதாம். வெட்கக்கேடு, யாரிடமும் காட்டவில்லையாம். முதல் நாள் ஒரே ஆத்திரமாம். கூப்பிடுகிறவர்களிடமெல்லாம் தான் சாகவில்லை என்று சொல்வதற்காகப் போனைக் கையிலேயே வைத்திருந்தாராம். மாலையோடு வந்து நிற்பார்களே என்று சிம்பாங் பூலாயில் இருக்கும் தன் வீட்டுக் கேட்டைத் திறந்தே போட்டிருந்தாராம். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் சீனர் மட்டும்தான் வந்து போனாராம்.

இதையெல்லாம் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் மைக் இல்லாமலே அதிரும் அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"ஒரு ஆளுகூட போன் பண்ணலம்மா," என்றார். "யாரும் பாத்திருக்க மாட்டாங்கதானே?"

கண் கலங்கியிருந்தது. ஆமாம் என்று நான் தலையை அசைத்தால் போதும், எழுந்து நிம்மதியாகப் போய்விடுவார். பாவமாகத்தான் இருந்தது. அதே சமயம் அப்பாவின் பெட்டிக்கடியில் இருந்த அந்த முன்பின் தெரியாத தோள்களும் கண்முன் வந்தன.

"எல்லாரும் பாத்துட்டாங்க தலைவரே."

சரிசெய்யச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு, கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அவர் கார் கிளம்பும்வரை காத்திருந்தேன். பிறகு, ஸ்கிரிப்டில் ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிச் சேர்த்திருந்த ஒற்றை வரியை அழித்தேன்.

பத்துமலை தன் பெயரில் நுழைந்து பார்த்தால் மட்டும் அவர் படத்தையும் மாலையையும் சேர்க்கச் சொல்லும் வரி அது. வேறு யார் திறந்தபோதும் அந்தப் பக்கத்தில் அவர் இல்லை.