மூன்றாம் சேனல்

ஜூரோங் கப்பல் பட்டறையில் கிரேன் கொக்கியில் இரும்புத் தகடு ஆடுகிறது. அதன் நிழல் கீழே வேலை செய்யும் வெல்டர்கள்மேல் விழுந்து விழுந்து விலகுகிறது. தரையில் நிற்கும் மருதப்பனின் வாக்கி டாக்கியில் குறுக்கே எவனோ விசிலடிக்கிறான். கிரேன் ஓட்டும் லாசரஸுக்கு மருதப்பனின் குரல் எட்டவில்லை. நேற்றுவரை இருவரும் சேனலை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக மாற்றினார்கள்; விசிலும் பின்னாலேயே வந்தது. “நாம யோசிக்கிறத அவனும் யோசிக்கிறான் லா. பகடை யோசிக்காது,” என்று காலையில் கேண்டீனில் லாசரஸ் பகடையை உருட்டினார். விழுந்த எண்களின் வரிசையை இருவரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். இப்போது இருப்பது இரண்டாம் சேனல்; இன்று இரண்டுக்கு அடுத்தது ஐந்து. பழக்கத்தில் மூன்றில் நிற்கப்போன விரலை மருதப்பன் அடக்கி, குமிழை ஐந்துக்குத் திருப்புகிறான்.

“அண்ணே, கேக்குதா?”

“கேக்குது, சொல்லு.”

“வலப்பக்கம் கொண்டுபோய் மெல்ல எறக்குங்க.”

நிழல் வெல்டர்களை விட்டு நகர்கிறது. மூன்றாம் சேனலில் அந்த விசில் தனியாக ஒலித்துக்கொண்டிருக்கும்.